தானோட்டி ஊர்திகளின் இயங்குகள வரையறை: பேகம்பூர்ச் சாலைவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தானே இயங்கும் ஊர்தி எந்த இடத்தில், எந்த வேளையில், எத்தகைய சூழலில் இயங்கலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்துக் கூறுவது அவ்வூர்தியின் பாதுகாப்புக்கு அடிப்படையாகும். இவ்வரையறையைப் பொறியியலாளர் தம் துறைக்குரிய ஒன்றாகவே கருதி வந்துள்ளனர். எனினும், வரையறுத்தல் என்பது சொல்லால் நிகழ்வது. ஒன்றைக் குறைத்துச் சொல்லினும், மிகுத்துச் சொல்லினும், மயங்கச் சொல்லினும் அதன் விளைவு சாலையில் நடப்பவரைச் சென்றடைகிறது. நூற்குற்றங்கள் பற்றித் தமிழ் இலக்கண மரபு கூறும் கருத்துகளும், முதல், கரு, உரி என்னும் பொருட்பாகுபாடும் இவ்வரையறைகளை ஆராய்வதற்கு ஏற்ற கருவிகளாக அமையும் என்பதையும், அவை பொருந்தாத இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. திண்டுக்கல் பேகம்பூர்ச் சாலைவெளி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தானோட்டி ஊர்தி, இயங்குகளம், வரையறை, குன்றக் கூறல், முதற்பொருள், கருப்பொருள், பேகம்பூர்.

1. முன்னுரை

திண்டுக்கல் மாநகரின் பழைய பகுதிகளுள் ஒன்று பேகம்பூர். ஐதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்கும் இப்பகுதியில் அவரது அடக்கத்தலமும் பெரிய பள்ளிவாசலும் அமைந்துள்ளன. தோல் பதனிடும் தொழிலுக்கும் இப்பகுதி பெயர் பெற்றது. தமிழகத்தின் நடுத்தர நகரங்களில் உள்ள இத்தகைய பழைய பகுதிகளில் சாலை என்பது ஊர்தி செல்லும் பாதை மட்டுமன்று. அது கடையின் நீட்சியாகவும், பாரம் இறக்கும் இடமாகவும், தொழுகை முடிந்து வெளிவருவோர் கூடி நிற்கும் வெளியாகவும், ஊர்வலத்தின் தடமாகவும் ஒரே நாளில் மாறி மாறிப் பயன்படுகிறது.

இத்தகைய சாலையில் தானோட்டி ஊர்தி இயங்குமா என்னும் வினாவுக்கு ‘இயங்கும்’ என்றோ ‘இயங்காது’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது வழக்கமாக உள்ளது. அவ்விரு விடைகளும் பயனற்றவை. எந்த நிலையில் இயங்கும், எந்த நிலையில் இயங்காது, இயங்க இயலாத நிலை நேரும்போது என்ன செய்யும் என்னும் மூன்றையும் பிரித்துரைப்பதே பயனுள்ள விடையாகும். அவ்வாறு பிரித்துரைக்கும் வரையறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. இயங்குகளம்: கருத்தும் சொல்லும்

அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு 2014இல் வெளியிட்டு, பின்னர்ப் பலமுறை திருத்திய ஜெ3016 என்னும் ஆவணம், ஊர்தியின் தானியக்கத்தைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு படிநிலைகளாகப் பகுக்கிறது. முதலிரு படிகளில் கருவி உதவுகிறது. ஓட்டுநரே தொடர்ந்து கண்காணித்து ஓட்டுகிறார். மூன்றாம் படியில் கருவி ஓட்டுகிறது; அது அழைக்கும்போது பொறுப்பேற்க மனிதர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நான்காம் படியில் கருவியே தன்னை மீட்டுக்கொண்டு பாதுகாப்பாக நிற்க வேண்டும். ஐந்தாம் படியில் இடம், காலம் ஆகிய கட்டுப்பாடுகள் இல்லை.

ஐந்தாம் படியிலுள்ள ஊர்தி இன்று விற்பனையில் இல்லை. எனவே நடைமுறையிலுள்ள ஒவ்வொரு தானோட்டக் கருவியும் ஏதேனும் ஓர் எல்லைக்குள்தான் இயங்குகிறது. அக்கருவி எந்தச் சூழலில் செயற்படுமாறு வடிவமைக்கப்பட்டதோ அச்சூழல்களின் தொகுதியே அதன் எல்லை. நிலப்பகுதி, சாலையின் வகை, வேகம், வானிலை, வேளை, போக்குவரத்தின் இயல்பு ஆகியன அதில் அடங்கும். இத்தொகுதியை இக்கட்டுரை ‘இயங்குகளம்’ எனக் குறிக்கிறது.

சொல்லாக்கம் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. நாளிதழ்களில் வழங்கும் ‘ஓட்டுநர் இல்லா ஊர்தி’ என்னும் தொடர் மூன்றாம் படிக்குப் பொருந்தாது. அங்கே பொறுப்பேற்க வேண்டிய மனிதர் ஒருவர் இருக்கையில் இருக்கிறார். ‘தானியங்கி ஊர்தி’ என்பது தானே இயங்கும் எதனையும் குறிக்கும் பொதுச்சொல். பல்லிணையைத் தானே மாற்றிக்கொள்ளும் காரையும் மக்கள் அவ்வாறு கூறுவர். ஓட்டும் தொழில் எவர்பால் உள்ளது என்பதே இங்கு வேறுபாடாதலின் ‘தானோட்டி ஊர்தி’ என்பது ஏற்புடைத்து. ‘இயங்குகளம்’ என்பது வினைத்தொகையாதலின் காலம் அதில் கரந்து நிற்கிறது. எந்தக் காலத்தில் இயங்கும் களம் என்பதை வரையறை வெளிப்படுத்த வேண்டும் என்னும் நினைவூட்டலாகவும் அச்சொல் அமைகிறது.

3. களத்தின் உறுப்புகள்: முதலும் கருவும்

இயங்குகளத்தை எவ்வாறு வகுத்துக் கூறுவது என்பதற்குப் பிரித்தானியத் தரநிலை நிறுவனம் 2020இல் பி.ஏ.எஸ். 1883 என்னும் ஆவணத்தை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக ஐ.எஸ்.ஓ. 34503 என்னும் பன்னாட்டுத் தரநிலை 2023இல் வெளிவந்தது. இவை களத்தின் பண்புகளை மூன்று பெரும்பிரிவுகளாகப் பகுக்கின்றன. சாலை, சந்திப்பு, கட்டடம் முதலிய நிலைத்த அமைப்புகள் முதற்பிரிவு. மழை, ஒளி, பனி, காற்று முதலிய சூழல் நிலைகள் இரண்டாம் பிரிவு. இயங்கும் ஊர்திகள், மனிதர், விலங்குகள் முதலியன மூன்றாம் பிரிவு.

தமிழ்ப் பொருளிலக்கணம் பயின்றோர்க்கு இப்பகுப்பு அயன்மையாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அவற்றில் வாழ்வனவும் நிகழ்வனவும் கருப்பொருள் எனவும் தொல்காப்பியம் வகுக்கிறது. பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பிரிக்கும் முறையும், மாவும் புள்ளும் மரமும் போலத் தொழிலையும் கருப்பொருளுள் அடக்கும் முறையும் இங்குக் கருதத்தக்கவை. பருவத்தையும் நாளின் வேளையையும் தனித்தனியே கூறாத வரையறை முழுமை பெறாது. ஒரு நிலத்தில் நிகழும் தொழில் எது என்று அறியாமல் அதன் சாலையை விளக்க இயலாது.

இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் கூடாது. இரண்டு வேறுபாடுகள் இன்றியமையாதவை. ஒன்று, திணைப்பாகுபாடு புலவர் வழக்கை விளக்குவது. அங்குத் திணைமயக்கம் விலக்கப்படவில்லை. அது செய்யுளுக்கு வளம் சேர்க்கவும் செய்யும். இயங்குகள வரையறையோ விலக்கும் நோக்குடையது. எல்லை மயங்கினால் அது வரையறையாகாது. மற்றொன்று, பொருளிலக்கணத்தில் முதலும் கருவும் உரிப்பொருளுக்குப் பின்புலமாக நிற்பன. மனித உள்ளத்தின் நிகழ்வே அங்குத் தலைமையானது. மேற்கூறிய தரநிலைகளின் பகுப்பில் உரிப்பொருளுக்கு நிகரான பெரும்பிரிவு இல்லை. சாலையைக் கடக்க நிற்பவர் எதைக் கருதி நிற்கிறார் என்பது அப்பகுப்பில் நேரடியாக இடம்பெறுவதில்லை. இக்குறை பேகம்பூர் போன்ற இடங்களில் எவ்வாறு பெரிதாகிறது என்பது பின்னர்க் காட்டப்படும்.

4. வரையறைக் குற்றங்கள்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூல் கூறும். அவற்றுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல், மிகைபடக் கூறல் ஆகிய மூன்றும் இயங்குகள வரையறைக்கு நேரே பொருந்துவன.

4.1 குன்றக் கூறல்

2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனை ஊர்தி மோதியதில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மோதலுக்கு 5.6 நொடிக்கு முன்னரே கருவி அவரைக் கண்டறிந்தது. ஆயின், அவரை ஊர்தி எனவும், பிறிதொன்று எனவும், மிதிவண்டி எனவும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. நடந்து செல்லும் மனிதர் என ஒருபோதும் கொள்ளவில்லை. கடவைக்கு வெளியே மனிதர் சாலையைக் கடப்பர் என்பதை அக்கருவியின் வடிவமைப்பு கருத்திற்கொள்ளவில்லை.

கருவிக்குக் கண் இருந்தது. பெயரிடும் வகைமையில் அந்த மனிதருக்கு இடமில்லை. குன்றக் கூறலின் விளைவு இதுவே. விபத்துக்கான முதன்மைக் காரணமாக, கண்காணிக்க அமர்த்தப்பட்ட ஓட்டுநர் கைப்பேசியில் கவனம் செலுத்தியதை வாரியம் சுட்டியது. நிறுவனத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டுக் குறையையும் பங்களித்த காரணமாகக் குறித்தது. வரையறையில் விடுபட்டதன் சுமை களத்திலிருந்த தனிமனிதர்மீது முதலில் இறங்குகிறது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

4.2 மயங்க வைத்தல்

2016 மே 7 அன்று புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் அருகே, ஓட்டுநர் உதவிக் கருவி இயங்கிக்கொண்டிருந்த டெஸ்லா கார், குறுக்கே திரும்பிய லாரியின்மேல் மோதியது. அச்சாலை நடுப்பிரிப்பு உடையது. ஆயினும் பக்கச் சாலைகள் அதே மட்டத்தில் வந்து கலப்பது. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட நெடுஞ்சாலைகளுக்கென உருவான கருவியை இத்தகைய சாலையிலும் பயன்படுத்த முடிந்தது என்பதை 2017ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. கருவிகள் தமக்குரிய களத்துக்குள் மட்டுமே இயங்குமாறு உற்பத்தியாளர்கள் கட்டுப்படுத்த வேண்டும் எனவும் வாரியம் பரிந்துரைத்தது.

இவ்விபத்து திண்டுக்கல்லுக்கு நேரடியாகப் பொருந்தும் பாடமாகும். திண்டுக்கல்லை ஒட்டிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை மக்கள் ‘நான்குவழிச் சாலை’ என்பர். நடுவே பிரிப்பும் இருபுறமும் இரண்டு தடங்களும் உண்டு. தோற்றத்தில் அது வெளிநாட்டு விரைவுச் சாலையை ஒக்கும். ஆனால் நம் நான்குவழிச் சாலைகளில் நடுப்பிரிப்பின் இடைவெளிகளில் ஊர்ச்சாலைகள் வந்து கலக்கின்றன. மனிதரும் கால்நடையும் கடக்கின்றனர். சுற்றிச் செல்லத் தயங்கும் இருசக்கர ஊர்திகள் எதிர்த்திசையில் வருகின்றன. ‘பிரிக்கப்பட்ட நெடுஞ்சாலை’ என்னும் ஒரே தொடர் இருவேறு பொருள்களைக் குறிக்கிறது. வரையறை சாலையின் தோற்றத்தைக் கூறாமல் நுழைவுக் கட்டுப்பாடு என்னும் பண்பைக் கூறியிருப்பின் மயக்கம் நேராது.

இதனைச் செம்மையாகச் செய்த வரையறைக்கு ஐக்கிய நாடுகள் அவையின் 157ஆம் எண் ஒழுங்குவிதி சான்றாகும். 2020இல் ஏற்கப்பெற்று 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அவ்விதி, தடத்திலேயே நிறுத்தி ஓட்டும் கருவியை இரண்டு பண்புகள் அமைந்த சாலைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. நடப்போரும் மிதிவண்டியோரும் தடை செய்யப்பட்டிருத்தல் ஒன்று. எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் பருப்பொருள் தடுப்பு இருத்தல் மற்றொன்று. வேகம் தொடக்கத்தில் மணிக்கு 60 கி.மீ. என வரம்பிடப்பட்டது, பின்னர்த் திருத்தப்பட்டது. இந்தியா இவ்விதிக்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டு உடன்பாட்டில் சேரவில்லை. ஆயினும் இவ்வரையறையை உரைகல்லாகக் கொண்டு பார்த்தால் நம் நான்குவழிச் சாலை எத்தகையது என்பது தெளிவாகும்.

4.3 மிகைபடக் கூறல்

கருவியின் பெயரிலும் விளம்பரத்திலும் இக்குற்றம் மிகுதி. ஓட்டுநரின் இடையறாத கண்காணிப்பு தேவைப்படும் ஒரு கருவிக்கு ‘முழுத் தானோட்டம்’ என்னும் பொருள்படும் பெயரை டெஸ்லா வழங்கியது. 2024இல் அப்பெயருடன் ‘கண்காணிப்புடன்’ என்னும் அடைமொழியைச் சேர்த்தது. கையேட்டில் நுண்ணெழுத்தில் ஓர் எல்லையும் பெயரில் எல்லையின்மையும் கூறப்படும்போது மிகைபடக் கூறல் மாறுகொளக் கூறலாகவும் ஆகிறது.

5. பேகம்பூர்ச் சாலைவெளி

5.1 நிலம்

மேலைநாட்டு நகரங்களில் எடுத்த படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற கருவிகள் இந்தியச் சாலைகளில் தடுமாறுவதை ஆய்வாளர் நன்கு அறிவர். ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் 182 ஓட்டங்களில் எடுத்த 10,004 படங்களைக் கொண்டு ஒரு தரவுத்தொகுப்பை உருவாக்கினர். அதன் 34 வகைமைகளுள் ஆட்டோவும் விலங்கும் தனித்தனி வகைமைகள். சாலை அல்லாத ஆயினும் ஊர்தி செல்லத்தக்க பரப்புக்கும் ஒரு வகைமை வேண்டியிருந்தது. தார்ச்சாலையின் ஓரத்து மண்பரப்பு என நாம் எளிதாகக் கூறும் இடமே அது. பேருந்துக்கு வழிவிட இருசக்கர ஊர்தி இறங்குவதும், தள்ளுவண்டி நிற்பதும், மக்கள் நடப்பதும் அப்பரப்பில்தான். சாலையின் விளிம்பு எது என்னும் வினாவுக்கே இங்கு ஒற்றை விடை இல்லை.

வண்ணம் அழிந்த வேகத்தடை, தேய்ந்த தடக்கோடு, தற்காலிகமாக வைத்த தடுப்பு வேலி, கடைமுன் நீண்ட பந்தல் ஆகியனவும் நிலத்தின் பகுதிகளே. இவை வரைபடத்தில் இடம்பெறும் முன்னரே மாறிவிடுவன.

5.2 பொழுது

திண்டுக்கல் வட்டாரம் வடகிழக்குப் பருவமழையால் பயன்பெறுவது. ஐப்பசி, கார்த்திகையில் மாலைநேரப் பெருமழை சாலையின் குழியையும் கோட்டையும் ஒருசேர மறைக்கும். எனினும் பொழுது என்பது வானிலை மட்டுமன்று. தைப்பூசத்தை ஒட்டி நத்தம், காரைக்குடிப் பகுதிகளிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் திண்டுக்கல் வழியே இரவும் பகலும் நடக்கின்றனர். ஆண்டின் பிற மாதங்களில் ஊர்திகளுக்கே உரியதாகத் தோன்றும் பழனிச் சாலை, அந்நாள்களில் நடப்போர் சாலையாகிறது. வெள்ளி நண்பகலும் நோன்புக்கால இரவும் பேகம்பூருக்கு உரிய வேளைகள். மாசித் திருவிழா கோட்டை மாரியம்மன் கோயில் வட்டாரத்துக்கு உரியது. பகல், இரவு, மழை, வெயில் என்னும் நான்கைமட்டும் கூறும் வரையறை இவற்றைக் காணாது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் காட்டும். பாலைக்கெனத் தனிநிலம் கூறப்படவில்லை. காலத்தால் நிலம் அடையும் திரிபே பாலை. இயங்குகளத்துக்கும் இந்நோக்கு இன்றியமையாதது. ஒரு சாலையை ‘ஏற்றது’ எனவோ ‘ஏலாதது’ எனவோ நிலையாகக் குறித்தல் இயலாது. எப்போது அது திரிகிறது என்பதைக் கூறுதல் வேண்டும்.

5.3 கரு

ஷேர் ஆட்டோ, சிற்றுந்து, ‘குட்டியானை’ என மக்கள் வழங்கும் சிறு சரக்கு ஊர்தி, டிராக்டர், தலைச்சுமையாளர், ஆடு மாடு ஆகியன அன்றாடக் காட்சிகள். வைக்கோற் பாரம் ஏற்றிய வண்டி தன் சக்கர அளவைவிடப் பெரும் அகலம் உடையது. கருவி வண்டியைக் கண்டறிந்தும் பாரத்தின் விளிம்பைத் தவறவிடக்கூடும். பறை முழங்க, பூ இறைத்து, வெடி வெடித்துச் செல்லும் இறுதி ஊர்வலம் ஒரே நேரத்தில் மனிதர் கூட்டமாகவும், ஊர்தியாகவும், புகையாகவும், சாலைப்பரப்பின் மாற்றமாகவும் அமைகிறது. தரநிலைகளின் மூன்று பிரிவுகளிலும் அதற்கு ஒவ்வொரு கூறு உண்டு. அதனை ஒன்றாகக் குறிக்கும் பெயர் இல்லை.

இந்தியாவில் 2022இல் நிகழ்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் இருசக்கர ஊர்தியில் சென்றோர் 44.5 விழுக்காடு, நடந்து சென்றோர் 19.5 விழுக்காடு. விபத்து எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம் பெற்றது. வரையறையில் குன்றக் கூறப்படுவோரும் சாலையில் மிகுதியாக உயிரிழப்போரும் ஒருவரே என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

5.4 உரி

இத்தகைய சாலைகளில் ஒழுங்கு பெரிதும் குறிப்பால் இயங்குவது. கடப்பவர் கையை நீட்டி ஊர்தியை நிறுத்துகிறார். நடத்துநர் பேருந்தின் பக்கத்தகட்டைத் தட்டுகிறார். ஒலிப்பான் எச்சரிக்கையாகவும், ‘நான் வருகிறேன்’ என்னும் அறிவிப்பாகவும், இசைவு கேட்பதாகவும் ஒலிக்கிறது. ஓட்டுநர்கள் கண்ணால் கண்டு விட்டுக்கொடுக்கின்றனர். நீட்டிய கையைக் கருவி காணக்கூடும். அது ‘நில்’ என்கிறதா ‘போ’ என்கிறதா என்பதை அறிதல் வேறு. எனவே கருவி புரிந்துகொள்ளும் குறிப்புகள் எவை, புரிந்துகொள்ளாதவை எவை என்பதும் வரையறையில் இடம்பெற வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

6. ஒரு மாதிரி வரையறை

கருத்தைத் தெளிவாக்க ஒரு கற்பனை ஊர்தியைக் கொள்ளலாம். புறவழிச்சாலையை ஒட்டிய கிடங்கிலிருந்து பேகம்பூரிலுள்ள தோல் ஆலைக்குச் சரக்கு கொண்டுசெல்லும் தானோட்டி ஊர்தி அது. ‘நல்ல வானிலையில், போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், நகரச் சாலைகளில் இயங்கும்’ என அதன் களம் கூறப்பட்டால், அத்தொடரில் உள்ள மூன்று கூறுகளும் அளவிட இயலாதன. நல்ல வானிலை எது, குறைந்த போக்குவரத்து எவ்வளவு, எந்த நகரச் சாலை என்னும் வினாக்களுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறுவர்.

அளவிடத்தக்க வரையறை எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கணக்கால் காட்டலாம். நிறுத்தப்பட்ட ஊர்திகள் மறைப்பதால், குறுகிய தெருவில் குழந்தை ஒன்று 5 மீட்டர் தொலைவில்தான் புலப்படும் எனக் கொள்வோம். கருவி செயற்பட அரை நொடி ஆகும் எனவும், உலர்ந்த சாலையில் அதன் வேகத்தணிப்பு நொடிக்கு நொடி 4 மீட்டர் எனவும் கருதுவோம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி செயற்படும் முன் 2.1 மீட்டரும், தடைபோட்டபின் 2.2 மீட்டருமாக ஏறத்தாழ 4.3 மீட்டரில் நிற்கும்; குழந்தைக்குத் தீங்கில்லை. மணிக்கு 40 கி.மீ. எனில் நிற்பதற்கு ஏறத்தாழ 21 மீட்டர் வேண்டும்.

இனி மழை பெய்து வேகத்தணிப்பு 2.5 ஆகக் குறைகிறது எனக் கொள்வோம். அதே 15 கி.மீ. வேகத்தில் நிற்கும் தொலைவு 5.6 மீட்டராகிறது. தெருவும் ஊர்தியும் வேகமும் மாறவில்லை. ஆயினும் ஊர்தி தன் களத்திலிருந்து வெளியேறிவிட்டது. வேகத்தை 12 கி.மீ. ஆகக் குறைத்தால் 3.9 மீட்டரில் நிற்கும். மீண்டும் களத்துக்குள் வருகிறது. இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. அவை உணர்த்தும் உண்மை பொதுவானது: பார்வைத் தொலைவு, வேகம், சாலைப்பரப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வரம்பிடுதல் போதாது, ஒன்றன் வரம்பு மற்றொன்றைச் சார்ந்து நிற்பதைக் கூறுதல் வேண்டும்.

இதனடிப்படையில் வரையறையைப் பின்வருமாறு அமைக்கலாம்.

நிலம்: பெயர் குறித்த ஒரே வழித்தடம், அதன் ஒவ்வொரு பகுதியிலும் அளந்தறிந்த பார்வைத் தொலைவு.

பொழுது: குறித்த மணி நேரம், உலர்ந்த சாலையில் 15 கி.மீ., ஈரச் சாலையில் 12 கி.மீ. வேகம்; சாலைப்பரப்பில் நீர் தேங்கிக் குழி மறைந்தால் இயக்கம் இல்லை.

கரு: ஊர்தி கண்டறிந்து விலகும் எனச் சோதித்து உறுதிசெய்த மனிதர், ஊர்தி, விலங்கு வகைகளின் முழுப்பட்டியல்.

உரி: நீட்டிய கை எதுவாயினும் ‘நில்’ எனக் கொள்ளுதல், காவலரின் கைக்குறியை அறியாதாயின் அவர் நிற்கும் சந்திப்பு களத்துக்குப் புறம்பு.

விலக்கு: ஊர்வலம், திருவிழா, பாதயாத்திரை, தொழுகைக்கூட்டம் ஆகியவற்றின் நாளும் வேளையும்.

நீங்கல்: களம் திரிந்தால் ஊர்தி எங்கு, எவ்வாறு நிற்கும் என்பது.

7. களத்தினின்று நீங்குதல்

இறுதியாகக் கூறிய நீங்கலே கடினமானது. களம் திரியும்போது ஊர்தி இடர் குறைந்த நிலையை அடைய வேண்டும் என்பது தரநிலைகளின் கருத்து. ஆனால் நிற்பது எப்போதும் பாதுகாப்பு ஆகாது. குறுகிய தெருவின் நடுவே நின்றுவிட்ட ஊர்தி அவசர ஊர்தியின் வழியை அடைக்கும். நெடுஞ்சாலையில் திடுமென நிற்பது பின்வருவோர்க்கு இடராகும்.

2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறிதொரு கார் மோதியதால் தூக்கி எறியப்பட்ட பெண், குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா ஊர்தியின்முன் விழுந்தார். அவர்மீது மோதி நின்ற அவ்வூர்தி, பின்னர் ஓரமாக ஒதுங்க முற்பட்டு, அடியில் சிக்கிய அவரை ஏறத்தாழ 20 அடி தொலைவு இழுத்துச் சென்றது. அம்மாதம் 24 அன்று கலிபோர்னியப் போக்குவரத்துத் துறை அந்நிறுவனத்தின் ஆளில்லா இயக்க உரிமத்தை நிறுத்திவைத்தது. ஓரமாக ஒதுங்குதல் பாதுகாப்புக்கென வகுத்த செயல். அச்செயல் எந்த நிலையில் செய்யத்தகாதது என்பது போதிய அளவில் வரையறுக்கப்படவில்லை. விதிக்குப் புறனடை வேண்டுவதுபோல, மீட்புச் செயலுக்கும் புறனடை வேண்டும்.

இதற்கு மாறாக, களத்தையே மூடி அமைத்தால் வரையறை எளிதாகிறது. தில்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் 28 அன்று ஓட்டுநர் இல்லாத் தொடர்வண்டி இயக்கம் தொடங்கியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான ஓட்டுநர் இல்லாத் தொடர்வண்டி, 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சோதிக்கப்பட்டது. அங்குத் தடம் தனித்தது. பிறர் நுழைவது தடுக்கப்பட்டது. மெட்ரோவின் வெற்றியைச் சான்றாக்கித் தெருவுக்கும் அது பொருந்தும் என வாதிடுவோர், வண்டியை ஒப்பிடுகின்றனரேயன்றிக் களத்தை ஒப்பிடுவதில்லை.

8. சட்டமும் பொறுப்பும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமம் பெற்ற மனிதரே பொது இடத்தில் ஊர்தியை ஓட்டலாம் என்னும் அடிப்படையில் அமைந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 2பி பிரிவு, புத்தாக்கத்தையும் ஆய்வையும் ஊக்குவிக்கும் பொருட்டு, குறிப்பிட்ட வகை ஊர்திகளுக்குச் சட்டக்கூறுகளிலிருந்து விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் வழங்குகிறது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநர்களின் வேலைவாய்ப்பைக் காரணம் காட்டி, ஓட்டுநர் இல்லா ஊர்திகளை அனுமதிக்கப் போவதில்லை என 2017இலும் 2023இலும் கூறினார். வேலைவாய்ப்புக் காரணம் வலுவானதே. ஆயினும் அவ்விடையால் சாலைக்களம் பற்றிய வினா பேசப்படாமலே நிற்கிறது.

அவ்வினா எதிர்காலத்துக்கு உரியதன்று. தடம் காக்கும் கருவியும் தானே தடைபோடும் கருவியும் பொருந்திய கார்கள் 2020களின் தொடக்கம் முதல் இந்தியாவில் விற்பனையாகின்றன. அவை நான்குவழிச் சாலையிலும் நகரத் தெருவிலும் ஓடுகின்றன. அக்கருவிகளுக்கும் களம் உண்டு. சட்டப்படிப் பொறுப்பு ஓட்டுநருடையது. ஆனால் களத்தின் எல்லை ஆங்கிலக் கையேட்டின் உட்பக்கங்களில் உள்ளது. எல்லையை அறியாதவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது அறமாகாது.

செருமனி 2021இல் இயற்றிய சட்டம் இங்குக் கருதத்தக்கது. நான்காம் படி ஊர்திக்கு அந்நாட்டில் இருநிலை ஒப்புதல் வேண்டும். ஊர்தியை மத்திய அமைப்பு ஏற்கிறது. அது இயங்கும் பகுதியை அப்பகுதிக்குரிய மாநில அதிகார அமைப்பு ஏற்கிறது. நிலத்தை அறிந்தோரே களத்தை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை அது. நம் நாட்டில் 2பி பிரிவின்கீழ் விலக்களிக்கப்படும் காலத்தில், பாதயாத்திரை நாள்களையும் ஊர்வலத் தடங்களையும் அறிந்த மாவட்ட நிருவாகம், மாநகராட்சி, போக்குவரத்துக் காவல்துறை ஆகியவற்றின் இசைவு களவரையறையின் பகுதியாதல் வேண்டும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

ஊர்தியின் பாதுகாப்பு அதன் கருவித்திறத்தால் மட்டும் அமைவதன்று. அத்திறத்தின் எல்லையைக் குன்றாமலும் மிகாமலும் மயங்காமலும் கூறும் வரையறையாலும் அமைகிறது.

நிலம், பொழுது, கரு என்னும் பகுப்பு பன்னாட்டுத் தரநிலைகளின் பகுப்போடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. உரி என்னும் நான்காவது கூறு அவற்றில் தனித்து இடம்பெறவில்லை. குறிப்பால் இயங்கும் சாலைகளுக்கு அக்கூறு இன்றியமையாதது.

ஒரே சாலை காலத்தால் திரிவதாதலின், களத்தை இடத்தால் மட்டும் வரையறுத்தல் ஆகாது. வரம்புகள் அளவிடத்தக்கனவாகவும் ஒன்றையொன்று சார்ந்தனவாகவும் கூறப்பட வேண்டும்.

பேகம்பூரின் இன்றைய தெருக்கள் பெரும்பாலான தானோட்டி ஊர்திகளின் களத்துக்குப் புறம்பானவை. இது அத்தெருக்களின் குறையன்று; அவை வாழ்வதற்கான வெளிகளாக இருப்பதன் விளைவு. களத்துக்கு ஏற்பத் தெருவை வெறுமையாக்குவதா, தெருவுக்கு ஏற்ப ஊர்தியை வரம்புபடுத்துவதா என்னும் தேர்வு எழும்போது, அத்தெருவில் நடப்போரின் உயிரும் உரிமையும் முதலிடம் பெறுதல் வேண்டும்.

தமிழ்த்துறைகளுக்கு இதில் ஒரு கடமை உண்டு. சாலையின் கருப்பொருள்களுக்கும் நிகழ்வுகளுக்கும் மக்கள் வழங்கும் பெயர்களை வட்டாரந்தோறும் தொகுத்தலும், ஓட்டுநரும் நடப்போரும் படித்து உணரத்தக்க தமிழில் களவரையறைகளை எழுதுதலும் அக்கடமையின் இரு கூறுகளாகும். பெயரில்லாத ஒன்றைக் கருவி காணாமற் போகும் என்பதை டெம்பி நிகழ்வு காட்டியது. பேகம்பூரின் சாலைகளுக்கு அப்பெயர்களை வழங்க வல்லது தமிழே.